கூட்டத்துக்கு வராதவரின் வீடு

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் குவீன் ஆன் என்றொரு குன்று இருக்கிறது. பழைய மரவீடுகளும் தோட்டங்களுமாக இருக்கும் வசதியான பகுதி அது. 2016-ம் ஆண்டு நகரமன்ற உறுப்பினர் மைக் ஓபிரையன் ஒரு சட்டத் திருத்தத்தை முன்வைத்தார். தனிவீடு இருக்கும் மனையின் பின்பக்கத்தில் இன்னொரு சிறிய வீடு கட்டிக்கொள்வதை எளிதாக்கும் திருத்தம் அது. குவீன் ஆன் கம்யூனிட்டி கவுன்சில் என்ற குடியிருப்போர் சங்கம் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது. கார் நிறுத்த இடம் போதாது, மரங்கள் போய்விடும், தெருவின் தன்மையே மாறிவிடும், இதையெல்லாம் ஆராயாமல் திருத்தம் கொண்டுவரக் கூடாது என்பது சங்கத்தின் வாதம். அந்த டிசம்பரிலேயே விசாரணை அதிகாரி சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நகராட்சி முழுமையான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்து 2018 அக்டோபரில் வெளியிட்டது. அதையும் எதிர்த்து மறுபடி முறையீடு. 2019 மே மாதம் அந்த முறையீடு தோற்றது. ஜூலை 1-ம் தேதி நகரமன்றம் ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் சட்டத்தை நிறைவேற்றியது. கொல்லைப்புறத்தில் ஒரு சிறுவீடு கட்டுவதை எளிதாக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு பெருநகரம் பதில் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த மூன்று ஆண்டுகளை வீண் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அறிக்கை பல விஷயங்களைத் தெளிவாக்கியது. விதிகளைத் தளர்த்தினால் பத்து ஆண்டுகளில் இப்படிப்பட்ட வீடுகள் இரு மடங்குக்கும் மேல் கூடும், அதேசமயம் பழைய வீடுகளை இடித்துவிட்டுப் பெரிய மாளிகை கட்டுவது குறையும் என்று அது கணித்தது. தெருவின் தன்மையைக் காப்பாற்றத்தான் சங்கம் வழக்குப் போட்டது. அந்தத் தன்மைக்கு உண்மையான ஆபத்து சிறுவீட்டிடமிருந்து வரவில்லை, இடித்துக் கட்டும் பெரிய வீட்டிடமிருந்துதான் வருகிறது என்று அவர்கள் கேட்டு வாங்கிய ஆய்வே காட்டியது. ஆனால் இந்தக் காலம் முழுவதும் ஒரு தரப்பின் குரல் கோப்புகளில் ஏறவே இல்லை. அந்தச் சிறுவீட்டுக்குக் குடிவரக்கூடியவரின் குரல் அது. அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபனைகளை எப்படிக் கேட்பது, எந்த இடத்தில் கேட்பது, எந்த அளவுக்கு அதிகாரம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது, அங்கே இல்லாத இந்த மனிதரைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். ஆட்சேபனைகளுக்குரிய இடம் விதிகளை எழுதும் மேசை. ஒவ்வொரு வீட்டுக்குமான அனுமதிக் கோப்பில் அவை தடையாக உட்காரக் கூடாது. இந்தக் கட்டுரை நிறுவ முனைவது இதைத்தான்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். அக்சஸரி டுவெல்லிங் யூனிட், சுருக்கமாக ஏ.டி.யு. என்று அமெரிக்காவில் அழைக்கப்படுவதைத் துணைவீடு என்று சொல்லலாம். நம் ஊரில் வீட்டுக்காரர் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடுவதைப் போன்றதுதான். தனிச் சமையலறை, தனிக் குளியலறை, தனி வாசல் இருக்கும். மனை மட்டும் முதல் வீட்டோடு சேர்ந்தது. கார் ஷெட்டை மாற்றிக் கட்டியதாக இருக்கலாம், நிலத்தடித் தளமாக இருக்கலாம், பின்பக்கம் தனியாக நிற்கும் சிறுவீடாகவும் இருக்கலாம். நமக்கு இவ்வளவு சாதாரணமாகத் தெரியும் ஒன்று அமெரிக்காவில் பெரும் சண்டையானதற்குக் காரணம் அங்குள்ள நில உபயோக விதிகள். கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரம் 1916-ல் எல்ம்வுட் பகுதியில் ஒரு மனைக்கு ஒரு குடும்பம் மட்டுமே என்ற விதியைக் கொண்டுவந்தது. நிறத்தின் அடிப்படையில் பகுதி பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1917-ல் தீர்ப்பளித்தது. அதன்பின் தனிவீட்டு விதி நாடெங்கும் பரவியது. 1926-ல் அதே நீதிமன்றம் இத்தகைய விதிகளைச் செல்லுபடியாக்கியபோது, தனிவீட்டுப் பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணி என்றே வருணித்தது. சியாட்டிலிலும் வீடுகளுக்கென ஒதுக்கிய நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனிவீட்டுக்கு மட்டும் என்று ஆனது. நகரத்துக் குடும்பங்களில் பாதிக்கும் மேல் வாடகைக்கு இருப்பவை. அவர்களில் பெரும்பாலோர் மிச்ச நிலத்தில்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

நியாயமான கவலைகள்

ஆட்சேபிப்பவர்கள் எல்லோரையும் சுயநலக்காரர்கள் என்று ஒதுக்குவது எளிது. அது நியாயமாகாது. பல ஆண்டு சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவருக்குத் தன் தெருவைப் பற்றிய அக்கறை இருக்கத்தான் செய்யும். எனவே ஒவ்வொரு ஆட்சேபனையையும் தனித்தனியாக எடுத்து, அதற்குச் சான்று என்ன சொல்கிறது என்று பார்ப்பதே முறை. எல்லாக் கூட்டங்களிலும் முதலில் எழுவது கார் நிறுத்துமிடப் பிரச்சினை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் துணைவீட்டு உரிமையாளர்களிடம் 2013-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. துணைவீடு ஒன்றுக்குத் தெருவில் நிறுத்தப்படும் கார்கள் சராசரியாக 0.46 என்று அது காட்டியது. இரண்டு துணைவீடுகள் வந்தால் தெருவில் ஒரு கார் கூடுகிறது, அவ்வளவுதான். இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960-ல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் சராசரி அளவு 3.3 பேர். இப்போது 2.5 பேர். அன்று தனியாக வாழ்ந்தவர்களின் வீடுகள் நூற்றுக்குப் பதின்மூன்று. இன்று நூற்றுக்கு இருபத்தேழுக்கும் மேல். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று நிறைந்திருந்த வீட்டில் இன்று ஒரு மூதாட்டி மட்டும் இருக்கிறார். பின்பக்கம் ஒருவரோ இருவரோ குடிவந்தாலும் அந்தத் தெருவின் மக்கள்தொகை, அது கட்டப்பட்ட காலத்தைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

அடுத்தது அந்தரங்கம், வெளிச்சம், மரங்கள். புதிய வீட்டின் மாடி ஜன்னல் நம் படுக்கையறையை நேராகப் பார்த்தால் அது தொல்லைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இது அளந்து தீர்க்கக்கூடிய தொல்லை. கலிபோர்னியாவின் மாநிலச் சட்டப்படி, 800 சதுர அடிக்கும் 16 அடி உயரத்துக்கும் மிகாத துணைவீடு பக்கவாட்டிலும் பின்புறத்திலும் நான்கு அடி இடைவெளி விட்டுவிட்டால் அதை எந்த நகரமும் தடுக்க முடியாது. பதினாறு அடி என்றால் பெரும்பாலும் ஒரே தளம்தான். வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஜன்னலுக்கு அங்கே வழியில்லை. மரங்களுக்கும் இப்படியே விதி எழுதலாம். எந்தச் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தை வெட்டக் கூடாது, வெட்டினால் எத்தனை நட வேண்டும் என்று விதி சொல்லட்டும். அந்த விதி மாளிகை கட்டுபவருக்கும் நீச்சல் குளம் தோண்டுபவருக்கும் சேர்த்துப் பொருந்தட்டும். ஏழைக்கு வீடு கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரும் மரப்பற்றில் ஏதோ குறை இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், காட்டுத்தீ பற்றிய கவலைகள் இன்னும் கனமானவை. மலைச்சரிவில் ஒரே ஒரு குறுகிய சாலையுள்ள பகுதியில் வீடுகள் கூடினால், தீப்பிடிக்கும் நாளில் வெளியேறுவது கடினம். கலிபோர்னியச் சட்டமும் இதை ஏற்கிறது. தண்ணீர், கழிவுநீர் வசதி, போக்குவரத்து, பொதுப் பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காகத் துணைவீடுகள் எங்கே வரலாம் என்பதை நகரங்கள் வரையறுத்துக்கொள்ள அது இடம் தருகிறது. ஆனால் அப்படி வரையறுக்கும்போது பகுதி முழுவதற்குமாக, காரணம் காட்டி, முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சொத்து மதிப்பு விழும் என்ற பயம் வெளிப்படையாகப் பேசப்படுவது குறைவு, உள்ளே வேலை செய்வது அதிகம். ரெபெக்கா டயமண்ட், டிம் மெக்குவேட் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வரிச்சலுகை பெற்றுக் கட்டப்பட்ட குறைந்த வாடகைக் குடியிருப்புகளுக்கு மிக அருகில் இருந்த வீடுகளின் விலை என்னவாயிற்று என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். வருமானம் குறைந்த பகுதிகளில் அக்கம்பக்கத்து விலை 6.5 சதவீதம் உயர்ந்தது. வருமானம் மிகுந்த, சிறுபான்மையினர் குறைவாக வாழும் பகுதிகளில் 2.5 சதவீதம் குறைந்தது. அதாவது பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல முடியாது. வசதியானவர்களின் தெருவில் சிறிய அளவு இழப்பு நேரலாம். ஆனால் அந்த ஆய்வு பேசுவது பெரிய கட்டடங்களைப் பற்றி. கொல்லைப்புறத்தில் மறைந்து நிற்கும் ஒரே ஒரு சிறுவீட்டின் தாக்கம் அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நம்பக் காரணம் ஏதுமில்லை. மேலும், துணைவீடு கட்டும் உரிமை எல்லா மனைகளுக்கும் கிடைக்கும்போது, அந்த உரிமையும் ஒவ்வொரு மனையின் மதிப்போடு சேர்ந்துகொள்கிறது. இதையெல்லாம் தாண்டி ஒரு அடிப்படைக் கேள்வி நிற்கிறது. ஒருவரது சொத்தின் விலை இரண்டரை சதவீதம் குறையக்கூடும் என்பதற்காக இன்னொருவருக்குக் கூரையே கூடாது என்று சொல்லும் உரிமை உண்டா? என் பதில் இல்லை என்பதே.

வரப்போகிறவர் யார்

கார், மரம், விலை என்று பேசி முடிந்த பிறகு மிஞ்சும் கேள்வி, அங்கே யார் குடிவருவார் என்பது. துணைவீடு மகனுக்கோ மாமியாருக்கோ என்றால் தெரு பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது. குறைந்த வாடகைக்கு, அரசு உதவி பெறுபவருக்கு, வீடில்லாமல் தெருவில் இருந்தவருக்கு என்றால் பேச்சு வேறாகிறது. கட்டடம் ஒன்றுதான். உயரமும் இடைவெளியும் ஜன்னலும் மாறவில்லை. மாறியது ஆள் மட்டுமே. அப்படியானால் ஆட்சேபனை கட்டடத்தின் மீதானது அல்ல என்பது தெளிவு. நில உபயோக விதிகளின் கடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. குவீன் ஆன் உட்பட சியாட்டிலின் பல பகுதிகளில், குறிப்பிட்ட இனத்தாருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை முற்காலத்தில் கிரயப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. 1948-ல் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இன்று கூட்டங்களில் பேசுபவர்கள் அந்த மனநிலையில் இருப்பவர்கள் என்று சொல்வது அவதூறாகும். ஆனால் ஆளைப் பார்த்து விலக்கும் நோக்கத்தை இடைவெளி, கார், மரம் என்ற மொழியில் சொல்ல ஒரு ஏற்பாடு வழிவிடுமானால், எந்த ஆட்சேபனை உண்மையானது, எது மறைப்பு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அளக்கக்கூடிய விதிகள் இந்த மறைப்பை அகற்றுகின்றன. விதிக்கு உட்பட்டால் அனுமதி, உட்படாவிட்டால் இல்லை என்றாகும்போது, குடிவருபவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இப்போது யார் பேசுகிறார்கள் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். கலிபோர்னியாவில் ஒரு கட்டட விண்ணப்பத்துக்குப் பொது விசாரணை நடத்துவதானால், மனையிலிருந்து 300 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது மாநில விதி. முகவரிகள் சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். அதே 300 அடிக்குள் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அறிவிப்பு போயாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதியில் இல்லை. சில நகரங்கள் தாமாக முன்வந்து அனுப்புகின்றன. வெளியூரில் வசிக்கும் சொத்துக்காரருக்குக் கடிதம் போகிறது, பக்கத்து வீட்டில் பத்து வருடமாகக் குடியிருப்பவருக்குப் போகாமல் இருக்கலாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் லெவின் ஐன்ஸ்டைன், டேவிட் கிளிக், மேக்ஸ்வெல் பால்மர் மூவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏராளமான கருத்துக்கேட்புக் கூட்டங்களின் குறிப்புகளைத் திரட்டி, பேசியவர்களை வாக்காளர் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தவை துணைவீடுகளைவிடப் பெரிய, பல வீடுகள் கொண்ட திட்டங்கள். ஆனாலும் பேசியவர்கள் யார் என்பது இங்கும் பொருந்தும். வயதில் மூத்தவர்கள், ஆண்கள், நீண்டகாலமாகக் குடியிருப்பவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் ஆகியோரே தங்கள் எண்ணிக்கைக்கு மீறிப் பேசினார்கள். வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் சுமார் 15 சதவீதம். எதிர்த்தவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல். வார நாளின் மாலையில் நடக்கும் கூட்டத்துக்கு ஷிஃப்ட் வேலை செய்பவரோ கைக்குழந்தை வைத்திருப்பவரோ போக முடிவதில்லை. வேறு ஊரிலிருந்து குடிவரப் போகிறவருக்கு அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்பதே தெரியாது.

கலிபோர்னியா கற்ற பாடம்

துணைவீட்டுச் சட்டம் கலிபோர்னியாவில் 1982-லேயே வந்துவிட்டது. ஆனால் பொது விசாரணை நடத்தி, அக்கம்பக்கத்தைக் கேட்டு, நகரம் விரும்பினால் அனுமதிக்கலாம் என்ற நிலை தொடர்ந்தது. 2002-ல் கொண்டுவந்த திருத்தம், விதிகளுக்கு உட்பட்ட விண்ணப்பங்களை விசாரணையின்றி அனுமதிக்கச் சொன்னது. நகரங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. மனை இவ்வளவு பெரிதாக இருந்தால்தான் கட்டலாம், இத்தனை கார்களுக்குக் கூரையுள்ள இடம் காட்ட வேண்டும், இவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும் என்று நிறைவேற்ற முடியாத விதிகளை எழுதின. பூட்டு வாசலிலிருந்து எடுக்கப்பட்டுக் கொல்லைக் கதவில் மாட்டப்பட்டது. 2016-ல் மாநிலம் முழுவதும் கிடைத்த துணைவீட்டு அனுமதிகள் ஆயிரத்துச் சொச்சம்தான். பிறகு 2017 ஜனவரியிலும் 2020 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் இந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தன. முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பேருந்து, ரயில் நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருந்தால் கார் நிறுத்துமிடம் கேட்கக் கூடாது. 750 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு வளர்ச்சிக் கட்டணம் விதிக்கக் கூடாது. 2022-ல் ஒரே ஆண்டில் 20,000-க்கும் மேற்பட்ட அனுமதிகள் வழங்கப்பட்டன. மாநிலத்தில் அனுமதி பெற்ற புதிய வீடுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று துணைவீடு. சியாட்டிலின் அனுபவமும் இதுவே. 2010 முதல் 2016 வரை அந்த நகரம் முழுவதிலும் கட்டப்பட்ட தனித்த கொல்லைப்புற வீடுகள் சுமார் இருநூறு. 2019 சட்டத்துக்குப் பின், 2022-ல் ஒரே ஆண்டில் எல்லா வகைத் துணைவீடுகளுமாக ஆயிரத்தை நெருங்கி அனுமதி பெற்றன.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஜனநாயகத்தின் பெயரால் வருகிறது. தங்கள் தெருவில் நடப்பதைப் பற்றிச் சொல்ல மக்களுக்கு உரிமையில்லையா, தலைநகரில் எழுதும் சட்டம் ஒவ்வொரு ஊரையும் ஒரே மாதிரி நடத்தலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஜனநாயகம் என்பது எல்லோருக்கும் பொதுவான விதியை எல்லோரும் சேர்ந்து எழுதுவது. ஒரு தனிமனிதரின் விண்ணப்பத்தை அவருடைய அக்கம்பக்கத்தார் கைதூக்கித் தீர்மானிப்பதை ஜனநாயகம் என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் உரிமம் கொடுக்கப் பக்கத்து வீட்டாரைக் கேட்பதில்லை. தேர்வு என்ன என்பதைத்தான் சமூகம் முடிவு செய்கிறது. விதி எழுதும்போது வீட்டுக்காரர், வாடகைதாரர், மாணவர், முதியவர், கட்டடத் தொழிலாளி என எல்லாத் தரப்பும் வாக்களித்துத் தேர்ந்த பிரதிநிதிகள் பேசுகிறார்கள். தனி விண்ணப்ப விசாரணையில் பேசுவது அந்தத் தெரு மட்டுமே. வீட்டுப் பற்றாக்குறையின் சுமை ஊர் முழுவதும் பரவுகிறது, மறுக்கும் அதிகாரம் மட்டும் தெருவுக்குத் தெரு தனித்தனியாக இருக்கிறது. ஒவ்வொரு தெருவும் தன்னளவில் நியாயமாகப் பேசி, வேறு இடத்தில் கட்டுங்கள் என்று சொன்னால், கடைசியில் எங்குமே கட்ட இடம் இருக்காது. வாஷிங்டன் மாநிலம் 2023-ல் ஒரு மனையில் இரண்டு துணைவீடுகளை நகரங்கள் அனுமதித்தாக வேண்டும் என்று சட்டம் இயற்றியதும், அந்த மாசசூசெட்ஸிலேயே 2025 பிப்ரவரி முதல் 900 சதுர அடி வரையான துணைவீட்டுக்குத் தனி விசாரணை தேவையில்லை என்றானதும் இந்தக் காரணத்தால்தான்.

குறைந்த வாடகை தானாக வராது

இன்னொரு ஆட்சேபனையை நான் மிகவும் மதிக்கிறேன். துணைவீடுகள் உண்மையில் ஏழைகளுக்குப் போய்ச் சேருகின்றனவா, வீடு வைத்திருப்பவருக்கு இன்னொரு வருமானமாக மட்டும் முடிகின்றனவா என்பதே அது. பெர்க்கிலியில் கேரன் சாப்பிள் தலைமையிலான குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கலிபோர்னியாவில் துணைவீடு கட்டும் செலவின் இடைநிலை 1,50,000 டாலர், மாத வாடகையின் இடைநிலை 2,000 டாலர். இது பரம ஏழை கொடுக்கக்கூடிய வாடகை அல்ல. சியாட்டில் நகராட்சி தன் கொள்கையை இனச் சமத்துவ நோக்கில் பரிசீலித்தபோது, பலன்கள் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்களுக்கே, அதிலும் பெரும்பாலும் வெள்ளையருக்கே போகும் என்பதை ஒப்புக்கொண்டது. மறுபக்கமும் இருக்கிறது. சாப்பிள் குழு விசாரித்த துணைவீடுகளில் 16 சதவீதம் உறவினருக்கு வாடகையின்றிக் கொடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கு மாறாக, குறுகியகால வாடகைக்கு விடப்பட்டவை 8 சதவீதமே. இருந்தாலும் அனுமதியை எளிதாக்கினால் மட்டும் குறைந்த வாடகை வந்துவிடும் என்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். மிச்சப் பாதிக்குப் பொதுப்பணம் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் எல்.ஏ. மாஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்திய திட்டம் இதற்கு ஒரு வழிகாட்டி. துணைவீடு கட்டக் கடனும் வரைபடமும் மேற்பார்வையும் கிடைத்தன. பதிலுக்கு, அரசின் வாடகை உதவி பெறும் குடும்பத்துக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வீட்டை விட வேண்டியிருந்தது. இப்படிச் செய்தால் சாதாரண வருமானமுள்ள வீட்டுக்காரராலும் கட்ட முடியும், ஏழைக் குடும்பத்துக்கும் நல்ல பள்ளியுள்ள தெருவில் இடம் கிடைக்கும். வாடகை அதிகம் என்ற குறைக்குத் தீர்வு இப்படிப்பட்ட திட்டங்களைப் பெருக்குவது. அதே குறையைக் காரணமாக்கிக் கட்டவே விடாமல் தடுத்தால், வாடகை இன்னும் ஏறும்.

தடுத்தால் வீடு தேவைப்படுபவர் மறைந்துவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு டொரண்டோவின் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கதை தமிழர்களுக்கு நெருக்கமானது. 1980-களிலும் 90-களிலும் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்களில் பலருக்கு கனடாவில் முதல் முகவரி ஸ்கார்பரோவின் ஏதோ ஒரு வீட்டின் பேஸ்மென்ட்தான். ஒன்டாரியோ மாகாணம் 1994-ல் இத்தகைய நிலத்தடிக் குடியிருப்புகளை அனுமதித்தது. அடுத்து வந்த அரசு 1996-ல் அந்த உரிமையைத் திரும்பப் பெற்று, முடிவை நகராட்சிகளிடம் விட்டது. பிற்பாடு மறுபடி படிப்படியாகச் சட்டம் தளர்ந்து, 2022-ல் ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்ற நிலை வந்தது. சட்டம் இப்படி முன்னும் பின்னும் ஆடிய காலத்திலும் பேஸ்மென்ட்களில் மக்கள் குடியிருந்துகொண்டேதான் இருந்தார்கள். சட்டவிரோதமான வீட்டில் இரண்டாவது வெளிவாசல் இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. கூரை ஒழுகினாலும் ஹீட்டர் நின்றாலும் வாடகைதாரர் புகார் செய்ய மாட்டார். புகார் செய்தால் இருக்கும் இடமும் போய்விடும். தடையால் தெருவில் ஆட்கள் குறையவில்லை. இருந்தவர்களின் பாதுகாப்புதான் குறைந்தது. அப்படி வந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று அதே ஸ்கார்பரோவில் சொந்த வீட்டுக்காரர்கள். ஒரு காலத்தில் ஆட்சேபிக்கப்பட்ட வாடகைதாரர் நாளை கூட்டத்தில் உட்காரப்போகும் அண்டைவீட்டுக்காரர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அக்கம்பக்கத்தாரைக் கேட்காமல் கட்டினால் உறவு கெடாதா என்ற கேள்வியும் உண்டு. சியாட்டிலில் 2017-ல் தொடங்கிய பிளாக் புராஜெக்ட் என்ற முயற்சி இதற்கு அழகான விடை தேடியது. தெருவில் வாழ்ந்த ஒருவருக்காக, முன்வரும் குடும்பத்தின் கொல்லைப்புறத்தில் 125 சதுர அடியில் ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். கட்டில், சின்னச் சமையலிடம், குளியலறை, கூரையில் சூரியமின் தகடுகள் எல்லாம் அந்த இடத்துக்குள் அடங்கிவிடும். கட்டுவதற்கு முன்பே தெருவில் உள்ளவர்களிடம் போய்ப் பேசி, குடிவரப் போகிறவருக்கு நட்பு வட்டம் ஒன்றை உருவாக்க முயல்வார்கள். நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் ஒன்று என்பது அவர்கள் இலக்கு. அந்த இலக்கு இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. கதவைத் தட்டி அறிமுகப்படுத்திக்கொள்வதும், வேலை தொடங்கும் நாளைச் சொல்லிவைப்பதும், வேலி ஓரத்து ஜன்னலை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்வதும் நல்ல பண்புகள். எல்லோரும் பின்பற்ற வேண்டியவை. ஆனால் நல்லுறவுக்கான முயற்சி வேறு, சட்டத்தின் நிபந்தனை வேறு. கூரையில்லாத ஒருவரின் வீடு, அவரை இன்னும் சந்தித்திராதவர்களின் சம்மதத்தில் தொங்கினால், அதிகம் பயப்படும் ஒருவரின் பயமே தெரு முழுவதற்கும் சட்டமாகிவிடும். உறவு பெரும்பாலும் குடிவந்த பிறகே வளர்கிறது. குடிவர முதலில் வழி வேண்டும்.

ஆகவே ஆட்சேபிப்பவர்களிடம் வாயை மூடுங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உயரம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, எந்த மரத்தைத் தொடக் கூடாது, தீயணைப்பு வண்டி போக எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். பல இடங்களில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். அவற்றை எல்லா மனைகளுக்கும் ஒன்றாகப் பொருந்தும் விதிகளாக எழுதி, பகிரங்கமாக விவாதித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தலாம். எழுதும் விதி கலிபோர்னியாவின் பழைய விதிகளைப் போல மறைமுகத் தடையாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. அந்த விதிப்படி உண்மையிலேயே வீடுகள் கட்டப்படுகின்றனவா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தால் போதும். எழுதி முடித்த பிறகு, விதிக்கு உட்பட்ட விண்ணப்பத்துக்குக் குறித்த நாளுக்குள் அனுமதி கிடைக்க வேண்டும், கட்டுபவர் யார், குடிவருபவர் யார் என்ற கேள்வி எழக் கூடாது. குறைந்த வாடகைக்கு விட முன்வருபவருக்குக் கடனும் மானியமும் அரசு கொடுக்க வேண்டும். சியாட்டில் மூன்று ஆண்டுகள் செலவழித்து வந்து சேர்ந்த இடத்துக்கு மற்ற ஊர்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்கான வாடகையைக் கட்டுபவர்கள், கூட்டத்தில் பேச வராதவர்கள்தான்.